ஹெவி ரன்னர் காட்டிய காகிதம்: மரையாஸ் ஆற்றங்கரைப் படுகொலை, 1870

1870 ஜனவரி 23ஆம் தேதி காலையில், இன்றைய மொன்டானா மாநிலத்தின் வடபகுதியில், மரையாஸ் ஆற்றின் வளைவு ஒன்றில் முகாமிட்டிருந்த பிளாக்ஃபீட் பழங்குடியினர் 173 பேரை அமெரிக்க ராணுவம் சுட்டுக் கொன்றது. இந்த எண்ணிக்கையில் அரசின் இரண்டு அதிகாரிகளுக்குள் சச்சரவு இல்லை. செத்தவர்கள் யார் என்பதில்தான் சச்சரவு. தாக்குதலை நடத்திய மேஜர் யூஜின் பேக்கர், மேலிடம் விவரம் கேட்டபோது, 120 பேர் சண்டைக்குத் திராணியுள்ள ஆண்கள், 53 பேர் பெண்களும் குழந்தைகளும் என்று எழுதினார். பிளாக்ஃபீட் மக்களுக்கான அரசு முகவராக இருந்த லெப்டினன்ட் வில்லியம் பீஸ், தப்பிப் பிழைத்தவர்களிடம் கேட்டு எழுதிய கணக்கு வேறு: ஆண்கள் 33, பெண்கள் 90, பன்னிரண்டு வயதைத் தாண்டாத குழந்தைகள் 50. அந்த 33 ஆண்களிலும் 15 பேர் மட்டுமே 12 முதல் 37 வயதுக்குள் இருந்தவர்கள். மீதி 18 பேர் அதைக் கடந்தவர்கள், எழுபதை எட்டிய கிழவர்கள் வரை. குழந்தைகளில் பலர் தாயின் கைக்குழந்தைகள்.

பீஸ் ஒன்றும் ராணுவத்தின் எதிரி அல்ல. அவரே ராணுவ அதிகாரிதான். அதனால்தான் அவருடைய கணக்கை எளிதில் ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

ராணுவம் தேடிப் போனது மவுண்டன் சீஃப் என்ற தலைவரின் கூட்டத்தை. அடித்தது ஹெவி ரன்னர் என்ற இன்னொரு தலைவரின் முகாமை. "ஆள் மாறி நடந்த தாக்குதல்" என்று இதைச் சொல்லி முடித்துவிடுபவர்கள் உண்டு. கிடைக்கும் சாட்சியங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்பதில்லை என்பதே என் முடிவு. முகாம் வேறு என்று முதல் குண்டு வெடிப்பதற்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது. சரியான முகாமையே அடித்திருந்தாலும் செத்திருக்கப்போவது இதே மாதிரியான மனிதர்கள்தான்.

யாருடைய முகாம்

பிளாக்ஃபூட் கூட்டமைப்பு என்பது ஒரே மொழி பேசும் மூன்று மக்களின் கூட்டு: சிக்சிகா, கைனா, பிகானி. பிகானிகளில் வடக்குப் பிரிவினர் இன்று கனடாவின் ஆல்பர்ட்டாவில் சிக்சிகா, கைனா மக்களுக்கு அருகில் இருக்கிறார்கள். தெற்குப் பிரிவான அம்ஸ்காபி பிகானிகள் மொன்டானாவில் இருக்கிறார்கள். அமெரிக்க அரசின் ஆவணங்களில் பிளாக்ஃபீட் என்று வருவது இவர்கள்தான். ராக்கி மலையின் கிழக்குச் சரிவிலிருந்து விரியும் புல்வெளியில் காட்டெருமையை நம்பி வாழ்ந்தவர்கள். குதிரை வந்த பிறகு அந்தப் புல்வெளியில் இவர்களை மீறி யாரும் எளிதில் நடமாட முடியவில்லை. 1806இல், அமெரிக்க அரசு மேற்குப் பகுதியை ஆராய அனுப்பிய லூயிஸ் பயணக் குழுவுடன் ஒரு மோதல் நடந்து பிகானி இளைஞர்கள் இருவர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அமெரிக்க வணிகர்கள் இந்தப் பக்கம் வரவே தயங்கினார்கள்.

ஆயுதத்தால் முடியாததைப் பெரியம்மை செய்தது. 1837இல் வந்த அம்மை கூட்டமைப்பின் முகாம்களைக் காலி செய்தது. 1855இல் அமெரிக்க அரசுடன் உடன்படிக்கை கையெழுத்தானது. அதில் முதலில் கையொப்பமிட்ட பிகானித் தலைவர் லேம் புல்லின் பெயராலேயே அது இன்றும் அறியப்படுகிறது. 1862இல் மொன்டானாவில் தங்கம் கிடைத்தது. சுரங்கக்காரர்களும் பண்ணைக்காரர்களும் சாராய வியாபாரிகளும் வந்து குவிந்தார்கள். உடன்படிக்கையில் இருந்த எல்லைகளை யாரும் மதிக்கவில்லை. 1869இன் கடைசியில் அம்மை மறுபடியும் வந்தது. ஹெவி ரன்னரின் முகாமில் அந்த ஜனவரியில் படுத்துக் கிடந்தவர்களில் கணிசமானவர்கள் அம்மை கண்டவர்கள்.

அந்த முகாம் எப்படி இருந்திருக்கும் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பின்னால் வரப்போகும் ஒரு சாட்சியத்துக்கு இது அடிப்படை. பிளாக்ஃபூட் கூடாரம் காட்டெருமைத் தோலைத் தைத்து, உயரமான கழிகளின் மேல் போர்த்தியது. எல்லாக் கூடாரங்களிலும் ஓவியம் இருக்காது. இருப்பவற்றில் அடிப்பகுதியில் செம்மண் நிறத்தில் ஒரு பட்டை ஓடும். அது பூமி. அந்தப் பட்டையில் வரிசையாக வெள்ளை வட்டங்கள். அவை வானிலிருந்து விழுந்த நட்சத்திரங்கள். மழைக்குப் பின் புல்வெளியில் உருண்டையாக முளைக்கும் காளானை அவர்கள் அப்படித்தான் பார்த்தார்கள். உச்சியில் கறுப்பு, அது இரவு வானம். புகைபோக்கும் தோல் மடிப்பு ஒன்றில் ஏழு வட்டங்கள், நாம் சப்தரிஷி மண்டலம் என்பது. அவர்கள் கதையில் ஏழு சகோதரர்கள். மற்ற மடிப்பில் நம் கார்த்திகைக் கூட்டம். கன்றுத் தோல் போர்வை கிடைக்காத ஏக்கத்தில் வானத்துக்கே போய்விட்ட பிள்ளைகள் என்று அவர்கள் கதை சொல்கிறது. இவற்றுக்கு நடுவில் நீர்நாய், காட்டெருமை, பாம்பு என்று அந்தக் குடும்பத்துக்குக் கனவில் அருளப்பட்ட உருவம். இந்த ஓவியத்தை ஆசைப்பட்டவரெல்லாம் வரைந்துகொள்ள முடியாது. சடங்கு செய்து, பாட்டுகளோடு சேர்த்து, ஒருவரிடமிருந்து இன்னொருவர் உரிமையாகப் பெற வேண்டும். ஆகவே ஓவியத்தைப் பார்த்தாலே அது யாருடைய கூடாரம் என்று பழகியவருக்குத் தெரிந்துவிடும்.

ஒரு கொலை, ஐந்து பெயர்கள்

படையெடுப்புக்கு உடனடிக் காரணமாகச் சொல்லப்பட்டது மால்கம் கிளார்க்கின் கொலை. கிளார்க் பழைய தோல் வணிகர். கோத்கோகோனா என்ற பிகானிப் பெண்ணை மணந்து, ஹெலினா ஊருக்கு அருகில் பண்ணை வைத்திருந்தார். அவரைக் கொன்ற அவுல் சைல்ட் அந்தப் பெண்ணுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். 1867இல் அவுல் சைல்ட் குடும்பத்தோடு கிளார்க் வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்தபோது அவர்களுடைய குதிரைகள் களவு போயின. கிளார்க்கின் விருந்தாளிகளாக இருந்தபோது போனதற்கு அவரே பொறுப்பு என்று, அவுல் சைல்ட் கிளார்க்கின் குதிரைகளை ஓட்டிச் சென்றான். கிளார்க்கும் மகன் ஹோரஸும் தேடிப் போய், அவனுடைய ஆட்கள் பார்க்க அவனை அடித்து அவமானப்படுத்தினார்கள். கிளார்க் அவன் மனைவியிடம் முறைகேடாக நடந்துகொண்டார் என்றும் பிகானிகளின் வாய்மொழி வரலாறு சொல்கிறது. 1869 ஆகஸ்ட் 17 அன்று அவுல் சைல்ட் ஆட்களோடு வந்து கிளார்க்கைக் கொன்றான். ஹோரஸ் முகத்தில் குண்டு பட்டும் பிழைத்துக்கொண்டான்.

இது உறவுக்குள் மூண்ட பகை. ஆனால் மொன்டானாவின் வெள்ளையர்கள் அதைப் போரின் தொடக்கமாகப் பார்த்தார்கள். அதே கோடையில் ஃபோர்ட் பென்டன் ஊரின் தெருவில் மவுண்டன் சீஃபின் சகோதரனும் ஓர் இளைஞனும் வெள்ளையர்களால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்தக் கொலைக்கு எந்தப் படையும் புறப்படவில்லை. கிளார்க் வழக்கில் ஹெலினாவில் கூடிய நீதிமன்றக் குழு ஐந்து பிகானிகள் மேல் குற்றம் சாட்டியது. ஐந்தே பேர். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டுதான் அடுத்து நடந்ததைப் பார்க்க வேண்டும்.

1870 புத்தாண்டு நாளில் மொன்டானாவின் பழங்குடி விவகார மேலதிகாரி ஆல்ஃபிரட் சல்லி, டீட்டன் ஆற்றங்கரையில் இருந்த முகவர் அலுவலகத்தில் தலைவர்களைக் கூட்டினார். வந்தவர்கள் ஒரு சிலரே. அதில் ஹெவி ரன்னர் ஒருவர். குற்றவாளிகளை ஒப்படைக்க வேண்டும், களவு போன கால்நடைகளைத் திருப்பித் தர வேண்டும், இரண்டு வாரம் அவகாசம் என்றார் சல்லி. வந்திருந்த தலைவர்கள் முடிந்ததைச் செய்கிறோம் என்றார்கள். குற்றவாளிகள் இவர்கள் முகாம்களில் இல்லை. மவுண்டன் சீஃபின் கூட்டத்தில் இருந்தார்கள். சமாதானமாகப் பேச வந்தவரின் மேலேயே சமாதானத்துக்கான முழுப் பொறுப்பும் விழுந்தது. அவர் கையில் இல்லாத ஆட்களை அவர்தான் கொண்டுவர வேண்டும் என்றாகிவிட்டது.

உத்தரவு இறங்கிய வழி

சிகாகோவில் இருந்த ஜெனரல் ஃபிலிப் ஷெரிடன் அதற்கு முன்பே முடிவு செய்துவிட்டார். அவருடைய முறை பனிக்காலத் தாக்குதல். புல் இல்லாமல் குதிரைகள் மெலிந்திருக்கும். மக்கள் ஆற்றங்கரையில் அடைந்து கிடப்பார்கள். குளிரில் ஓடிப் போக இடமிருக்காது. 1868 நவம்பரில் வாஷிட்டா ஆற்றங்கரையில் செயேன் மக்கள் மேல் அவருடைய படை இப்படித்தான் பாய்ந்தது. அதையே மொன்டானாவிலும் செய்ய விரும்பினார். நிலவரத்தை நேரில் பார்க்க இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஜேம்ஸ் ஹார்டியை அனுப்பினார். ஜனவரி 15 அன்று அவருக்கு அனுப்பிய தந்தியின் சாரம் இது: மொன்டானா குடிமக்களின் உயிரையும் உடைமையையும் காக்க மவுண்டன் சீஃபின் ஆட்களை அடிப்பதுதான் வழியென்றால் அடிக்க வேண்டும், பலமாக அடிக்கச் சொல்லுங்கள் பேக்கரிடம்.

மொன்டானா படைப் பகுதியின் தலைவர் கர்னல் டி ட்ரோப்ரியாண்ட், ஃபோர்ட் ஷா கோட்டையில் இருந்தவர். பேக்கருக்கு அவர் கொடுத்த உத்தரவில் ஒரு விலக்கு தெளிவாக இருந்தது. ஹெவி ரன்னர், பிக் லேக் என்ற இரண்டு தலைவர்களும் எப்போதும் நட்போடு இருந்தவர்கள். அவர்களைத் தொடக் கூடாது. கொல்லப்பட்டவரின் பெயர், தொடக் கூடாதவர் என்று உத்தரவிலேயே எழுதப்பட்டிருந்தது.

பேக்கர் ஃபோர்ட் எல்லிஸிலிருந்து இரண்டாம் குதிரைப்படையின் நான்கு கம்பெனிகளோடு வந்து, ஃபோர்ட் ஷாவில் காலாட்படையையும் சேர்த்துக்கொண்டு 19ஆம் தேதி புறப்பட்டார். பகலில் ஒளிந்திருந்து இரவில் நடந்தார்கள். மைனஸ் 30 டிகிரியைத் தொட்ட குளிர். வழிகாட்டிகளாக ஜோ கிப், ஜோ கோபெல் இருவரும் இருந்தார்கள். கிப் மாண்டன் இனத் தாய்க்கும் வெள்ளைய வணிகருக்கும் பிறந்தவர். பிகானிகளோடு வியாபாரம் செய்து பழகியவர். கோபெல் மவுண்டன் சீஃபின் சகோதரியை மணந்தவர். அப்பாவின் சாவுக்குப் பழி வாங்க ஹோரஸ் கிளார்க்கும் அவன் தம்பி நேத்தனும் படையோடு வந்தார்கள். அவர்களுடைய அம்மா பிகானி என்பதை மறந்துவிடக் கூடாது. வழியில் ஐந்து கூடாரங்கள் கொண்ட ஒரு சின்ன முகாமைப் பிடித்து, பெரிய முகாம் ஆற்றின் கீழ்ப்புறத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள்.

அந்தக் காலை

சுமார் 200 சிப்பாய்கள் ஆற்றங்கரை மேட்டின் மேல் அரைவட்டமாக நின்றார்கள். கீழே பள்ளத்தில் 37 கூடாரங்கள். உடல் வலுவுள்ள ஆண்களில் பெரும்பாலோர் காட்டெருமை தேடி வேட்டைக்குப் போயிருந்தார்கள்.

ஜோ கிப் கீழே பார்த்தார். கூடாரங்களின் ஓவியங்களையும் குதிரைகளையும் பார்த்ததும் அது ஹெவி ரன்னரின் முகாம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பேக்கரிடம் ஓடிப் போய், இது வேறு முகாம் என்று கத்தினார். எந்தக் கூட்டமானாலும் ஒன்றுதான், எல்லாரும் பிகானிகள்தான், தாக்கப் போகிறோம் என்று பேக்கர் சொன்னதாக கிப் பின்னாளில் சாட்சியம் அளித்தார். கிப் மறுபடி சத்தம் போட்டால் சுட்டுவிடும்படி ஒரு சிப்பாயை அவர் பின்னால் நிறுத்தினார்கள்.

அந்தக் கூச்சலோ குதிரைகளின் சத்தமோ ஹெவி ரன்னர் காதில் விழுந்தது. அவர் கூடாரத்திலிருந்து வெளியே வந்தார். இவர் அமைதியானவர், வெள்ளையர்களின் நண்பர் என்று அரசு அதிகாரி எழுதிக் கொடுத்த காகிதம் அவரிடம் இருந்தது. அதைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தபடி, சிப்பாய்கள் நின்ற மேட்டை நோக்கி நடந்தார். காகிதம் கையில் இருக்கவே சுடப்பட்டு விழுந்தார்.

முதல் குண்டைச் சுட்டது ஜோ கோபெல் என்று சொல்லப்படுகிறது. மனைவியின் அண்ணன் மவுண்டன் சீஃபின் முகாம் சில மைல் கீழே இருந்தது. சண்டை இங்கேயே மூண்டுவிட்டால் அவர்கள் தப்பிவிடுவார்கள் என்பது அவருடைய கணக்காக இருந்திருக்கலாம். அப்படியே ஆயிற்று. சத்தம் கேட்டு மவுண்டன் சீஃபின் ஆட்கள் கலைந்துவிட்டார்கள். படை அங்கே போனபோது வெறும் கூடாரங்கள் மட்டுமே இருந்தன.

மேட்டிலிருந்து சிப்பாய்கள் கூடாரங்களைக் குறி வைத்துச் சுட்டார்கள். கழிகள் கட்டிய உச்சிகளையும் சுட்டார்கள். கழி அறுந்து கூடாரம் சரிந்தபோது கனமான தோல் உள்ளே எரிந்துகொண்டிருந்த அடுப்பின் மேலேயே விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் புகையில் மூச்சுத் திணறியும் தீயிலும் செத்தார்கள். பிறகு சிப்பாய்கள் கீழே இறங்கினார்கள். ஹெவி ரன்னரின் மகள் ஸ்பியர் வுமன் அப்போது சின்னப் பெண். உட்காரச் சாய்ந்துகொள்ளும் குச்சிப் படலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஒரு சிப்பாய் கத்தியால் கூடாரத் தோலைக் கிழித்து உள்ளே வந்து, அசைந்ததையெல்லாம் சுட்டதை அவள் பார்த்தாள். பேர் ஹெட் என்ற இளைஞன் காலையில் குதிரைகளைப் பிடிக்கப் போய் சிப்பாய்களிடம் மாட்டிக்கொண்டான். அவர்கள் பிடியிலிருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்தான். அவன் பின்னாளில், பிகானிகளோடு வாழ்ந்த எழுத்தாளர் ஜேம்ஸ் வில்லார்ட் ஷுல்ட்ஸிடம் சொன்ன விவரம்தான் முகாமின் பக்கத்திலிருந்து நமக்குக் கிடைக்கும் முழுமையான சாட்சியங்களில் ஒன்று.

படையின் இழப்பு: ஒருவர் சாவு. இன்னொருவர் குதிரையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். 120 போர் வீரர்களோடு நடந்த சண்டை என்று பேக்கர் சொன்னதை இந்த ஒரு வரியே பொய்யாக்கிவிடுகிறது.

பேக்கர் கீழ்முகாமைத் தேடிப் போக, லெப்டினன்ட் கஸ்டாவஸ் டோனும் அவருடைய கம்பெனியும் பின்தங்கி, கூடாரங்களையும் உடைகளையும் பனிக்காலத்துக்குச் சேர்த்து வைத்த இறைச்சியையும் குவித்து எரித்தார்கள். பரம்பரை உரிமையாக வந்த ஓவியங்களும் அந்தத் தீயில் போயின. சுமார் 300 குதிரைகளைப் பிடித்துக்கொண்டார்கள். பிடிபட்ட 140 பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இடையே அம்மை இருப்பது அப்போதுதான் தெரிந்தது. உடனே அவர்களை விட்டுவிட்டார்கள். கூடாரமில்லை, குதிரையில்லை, போதுமான உணவில்லை. எழுபது மைலுக்கும் அப்பால் இருந்த ஃபோர்ட் பென்டனை நோக்கி அந்தக் குளிரில் நடந்தார்கள். வழியில் உறைந்து செத்தவர்கள் 173இல் சேரவில்லை. இறந்தவர்கள் 217 என்று ஜோ கிப் சொன்னார். பிளாக்ஃபீட் மக்கள் இன்று நம்புவது அவருடைய கணக்கை.

வாஷிங்டனில் எழுந்த சத்தம்

பீஸின் கணக்கு சல்லி வழியாக வாஷிங்டனுக்குப் போனது. பழங்குடி ஆணையர் குழுவின் செயலாளர் வின்சென்ட் கோலியர் அதைப் பிப்ரவரி இறுதியில் வெளியே கொண்டுவந்தார். காங்கிரஸில் வாசிக்கப்பட்டது, கிழக்கத்திய நாளிதழ்கள் கொதித்தன. ஷெரிடன் பின்வாங்கவில்லை. பழங்குடிகளின் பெயரால் பணம் பார்க்கும் கும்பல்தான் தன்னைக் குறை சொல்கிறது என்றார். அவருக்கு மேலே இருந்த ஜெனரல் ஷெர்மன், செத்தவர்களில் பெரும்பாலோர் மவுண்டன் சீஃபின் போர் வீரர்கள் என்று நம்பவே தான் விரும்புவதாகச் சொன்னார். உண்மை என்ன என்று கண்டுபிடிக்க ஒரு விசாரணைக் குழுகூட அமைக்கப்படவில்லை. பேக்கர் பதவியில் நீடித்தார். யாருக்கும் தண்டனை இல்லை.

கொள்கை அளவில் மட்டும் ஒரு விளைவு ஏற்பட்டது. பழங்குடி நிர்வாகத்தை உள்துறையிடமிருந்து போர்த்துறைக்கு மாற்றும் யோசனை அப்போது காங்கிரஸில் வலுவாக இருந்தது, அது கைவிடப்பட்டது. அந்த ஜூலையில் வந்த சட்டம் ராணுவ அதிகாரிகள் சிவில் பதவி வகிப்பதையும் தடுத்தது. முகவர் பதவிகளை ஜனாதிபதி கிராண்ட் கிறித்தவச் சபைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். பிளாக்ஃபீட் முகமை மெதடிஸ்ட் சபைக்குப் போனது. அந்த மக்களில் மெதடிஸ்ட்கள் யாரும் இல்லை, அவர்களை யாரும் கேட்கவும் இல்லை. இந்த மாற்றத்தை மரையாஸ் படுகொலையின் "நல்ல விளைவு" என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு அதனால் ஒரு போர்வைகூடக் கிடைக்கவில்லை.

தவறா, முறையா

ஹெவி ரன்னரைக் காப்பாற்றியிருக்க வேண்டிய தடைகள் மூன்று. கர்னலின் உத்தரவில் அவருடைய பெயர் இருந்தது. அவருடைய கையில் அரசின் காகிதம் இருந்தது. படையின் வழிகாட்டியே இது வேறு முகாம் என்று கத்தினார். உத்தரவு போர்த்துறையினுடையது, காகிதம் பழங்குடித் துறையினுடையது, குரல் களத்தில் இருந்த மனிதனுடையது. மூன்றும் தனித்தனியே வந்து அதே இடத்தில் ஒரு மனிதனின் தீர்மானத்தில் மோதி நின்றன. பேக்கர் அன்று குடித்திருந்தார் என்ற பேச்சு நெடுங்காலமாக உண்டு. அது உண்மையாகவே இருந்தாலும் விளக்கம் ஆகாது. குடிபோதை ஒரு மனிதனின் செயலுக்குக் காரணமாகலாம். 200 பேர் மணிக்கணக்கில் செய்ததற்கு ஆகாது.

பேக்கருக்குக் கிடைத்த உத்தரவின் தன்மையைத்தான் பார்க்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஐந்து பேர். அவர்களைக் கைது செய்யப் படை போகவில்லை. ஒரு கூட்டத்தையே அடிக்கப் போனது, அதுவும் அந்தக் கூட்டம் அசைய முடியாத பருவத்தைத் தேர்ந்தெடுத்து. விடியலில், மேட்டிலிருந்து, பனியில் அடைந்து கிடக்கும் கூடாரங்களைச் சுடும் முறையில் ஐந்து பேரைப் பிரித்தெடுக்க வழியே கிடையாது. மவுண்டன் சீஃபின் முகாமிலும் பெண்களும் குழந்தைகளும் அம்மை கண்டவர்களும்தான் இருந்தார்கள். படை சரியான இடத்துக்குப் போயிருந்தால் செத்தவர்களின் பெயர்கள் மாறியிருக்கும். பீஸ் எழுதியது போன்ற ஒரு கணக்குதான் அங்கிருந்தும் வந்திருக்கும். "தவறான முகாம்" என்ற சொல்லாட்சிக்குள் "சரியான முகாம்" என்று ஒன்று ஒளிந்திருக்கிறது. அதை ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அவுல் சைல்ட் அம்மையில் செத்தான். மவுண்டன் சீஃப் எல்லை கடந்து வடக்கே போய்விட்டார். தெற்குப் பிகானிகள் அதன் பிறகு அமெரிக்க ராணுவத்தை எதிர்த்து ஆயுதம் எடுக்கவே இல்லை. ஷெரிடன் எதிர்பார்த்தது நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பதின்மூன்று ஆண்டுகளில் காட்டெருமை தீர்ந்துபோனது. 1883-84 பனிக்காலத்தில் முகமையில் ரேஷன் வராமல் சுமார் 600 பேர் பட்டினியில் செத்தார்கள். 1895இல் மலைப் பகுதியை 15 லட்சம் டாலருக்கு விற்க வைத்தார்கள். இன்றைய கிளேசியர் தேசியப் பூங்காவின் கிழக்குப் பாதி அந்த நிலம்தான். பழங்குடிகளின் நிலங்களுக்காக அரசு வைத்திருந்த பணத்துக்குக் கணக்குக் கேட்டு 1996இல் வழக்குத் தொடர்ந்து, 340 கோடி டாலர் சமரசத்துக்கு அரசை இறங்கி வரவைத்த எலூயீஸ் கோபெல், மவுண்டன் சீஃபின் கொள்ளுப்பேத்தி.

சாட்சிகள் விடவில்லை

ஜோ கிப்பால் அந்தக் காலையை மறக்க முடியவில்லை. அனாதையான ஹெவி ரன்னரின் பிள்ளைகள் சிலரைத் தன் வீட்டில் வளர்த்தார். அவருடைய மகள் ஒருத்தியை மணந்துகொண்டார். 1913இல், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, நடந்ததைப் பிரமாணப் பத்திரமாக எழுதிக் கொடுத்தார். ஹெவி ரன்னரின் வாரிசுகள் அந்தப் பத்திரத்தையும் மற்ற சாட்சியங்களையும் வைத்து காங்கிரஸிடம் இழப்பீடு கேட்டார்கள். பல ஆண்டுகள் இழுத்தடித்து, கடைசியில் ஒன்றும் கிடைக்கவில்லை.

கிளார்க் குடும்பத்தின் கதை இன்னொரு பக்கம். மால்கமின் மகள் ஹெலன் மேடை நடிகையாக இருந்து, பிறகு மொன்டானாவில் கல்வி அதிகாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஹோரஸின் மகன் ஜான் சிறு வயதில் காய்ச்சலில் கேட்கும் திறனையும் பேச்சையும் இழந்தவர். மரத்தில் கரடிகளையும் மலையாடுகளையும் செதுக்கிப் புகழ்பெற்ற சிற்பி. படையோடு போனவனின் மகன் பிளாக்ஃபீட் மண்ணிலேயே வாழ்ந்து, அந்த மண்ணின் விலங்குகளைச் செதுக்கினார். இந்தப் படுகொலையில் இரண்டு பக்கங்கள் என்று எளிதாகக் கோடு போட முடியாததற்கு இந்தக் குடும்பமே சாட்சி.

டோனின் பெயர் நிலைத்தது மலையில். படுகொலை நடந்த அதே ஆண்டில் அவர் யெல்லோஸ்டோன் பகுதியை ஆராய்ந்த குழுவுக்குப் பாதுகாப்பாகப் போனார். ஒரு சிகரத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1889இல் யெல்லோஸ்டோன் பூங்காவின் மேலதிகாரி பதவிக்கு விண்ணப்பித்தபோது, மரையாஸில் தான் இருந்ததைத் தகுதியாகவே எழுதினார். அமெரிக்கப் படை செய்த பழங்குடிப் படுகொலைகளில் மிகப் பெரியது என்று பெருமையோடு குறிப்பிட்டார். தவறுதலாக நடந்தது என்றால் இப்படி எழுத மாட்டார்கள். அந்தப் பெயரை எடுக்க வேண்டும் என்று பிளாக்ஃபீட் தலைவர்கள் பல ஆண்டுகள் கேட்டார்கள். 2022 ஜூனில் ஒருமனதான வாக்கெடுப்பில் சிகரத்தின் பெயர் ஃபர்ஸ்ட் பீப்பிள்ஸ் மவுண்டன் என்று மாறியது. ஆண்டுதோறும் ஜனவரி 23 அன்று, பிரவுனிங் ஊரிலுள்ள பிளாக்ஃபீட் சமுதாயக் கல்லூரி படுகொலையில் இறந்தவர்களை நினைவுகூர்கிறது.

இந்த நினைவு இலக்கியமானது ஜேம்ஸ் வெல்ச்சால். 1940இல் பிரவுனிங்கில் பிறந்தவர். அப்பா பிளாக்ஃபீட், அம்மா ஆனினின் என்ற இன்னொரு பழங்குடியைச் சேர்ந்தவர். அவருடைய அப்பாவின் பாட்டி ரெட் பெயின்ட் வுமன் ஹெவி ரன்னரின் முகாமில் இருந்து தப்பியவர். அவர் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்த அப்பா அவற்றை மகனுக்குச் சொன்னார். வெல்ச் 1986இல் வெளியிட்ட 'ஃபூல்ஸ் க்ரோ' நாவல் அந்தக் கடைசி ஆண்டுகளின் பிகானி வாழ்க்கை. அதில் குளிர் ஓர் ஆள், காகம் பேசும், வெள்ளையர்கள் எங்கோ ஓரத்திலிருந்து மெல்ல நெருங்கி வருகிறார்கள். கதாநாயகன் படுகொலை நேரத்தில் முகாமில் இல்லை. பிந்தி வந்து, எரிந்ததையும் எஞ்சியவர்களையும் பார்க்கிறான். சுடும் காட்சியைக் கண்முன்னே நிறுத்தியிருந்தால் வாசகர் சிப்பாய்களோடு அந்த மேட்டில் நின்று பார்ப்பது போலாகியிருக்கும். வெல்ச் நம்மை வீடு திரும்புகிறவனோடு நடக்க வைக்கிறார். தப்பியவர்கள் தங்கள் வாயாலேயே சொல்லக் கேட்கிறோம். நாவல் அங்கேயும் முடியவில்லை. வசந்தம் வருகிறது, முதல் இடி கேட்டதும் புனிதக் குழாயின் சடங்கு நடக்கிறது, காட்டெருமைகள் திரும்புகின்றன. வரப்போகும் பட்டினியைத் தரிசனத்தில் கண்ட பிறகும் கதாநாயகன் அந்தச் சடங்கில் நிற்கிறான். இந்த முடிவை ஆறுதல் என்று சிலர் குறை சொல்லலாம். சாட்சிகள் உயிரோடிருந்து பிள்ளை பெற்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னதால்தான் நாவலே வந்தது என்பதால், இதுவே நேர்மையான முடிவு என்று நான் நினைக்கிறேன்.

வெல்ச் 2003இல் மறைந்தார். 2025இல் பிளாக்ஃபீட் எழுத்தாளர் ஸ்டீபன் கிரஹாம் ஜோன்ஸ் மரையாஸை மையமாக வைத்து ஒரு திகில் நாவல் எழுதினார். அதில் 1912இல் ஒரு பிகானி மனிதன் ஞாயிறுதோறும் தேவாலயத்துக்கு வந்து, பாதிரியார் முன்னால் உட்கார்ந்து, நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். பாதிரியார் எழுதிக்கொள்கிறார்.